தாத்தா விட்டுச்சென்ற சீன ஜேட் சிற்பம்: உண்மையில் பழையதா, என்ன விலை போகும்?

உள்ளங்கை அளவில் படுத்திருக்கும் எருமை, வெளிர்பச்சை நிறம், அடியில் சியென்லுங் பேரரசரின் முத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். முத்திரையை இப்போதைக்கு நம்ப வேண்டாம். அவர் ஆண்டது 1736 முதல் 1795 வரை. அவர் பெயரைப் பின்னாளில் பொறித்த பொருள்கள் ஏராளம்.

முதலில் கல் எது என்று பாருங்கள். ஜேட் என்பது நெஃப்ரைட், ஜேடைட் என்ற இரண்டு கற்களுக்கும் பொதுப்பெயர். பழைய சீனச் சிற்பங்கள் பெரும்பாலும் நெஃப்ரைட்தான். பர்மா ஜேடைட் 18-ஆம் நூற்றாண்டில்தான் அங்கே பெருமளவில் போனது. தயவுசெய்து கீறிப் பார்க்காதீர்கள். சமையலறைத் தராசு போதும். சிற்பத்தை எடை போடுங்கள். அப்புறம் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, சிற்பத்தை நூலில் கட்டி, அடி தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். எடை 295 கிராம், இப்போது தராசு காட்டுவது 100 என்றால், வகுத்தால் 2.95: நெஃப்ரைட்டாக இருக்கலாம். ஜேடைட் என்றால் 3.3 வரும். 2.6 பக்கம் வந்தால் சர்ப்பெண்டைன் போன்ற மலிவான கல்லோ என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்து லென்ஸ். ஜேடை உளியால் செதுக்குவதில்லை; சக்கரமும் மணலும் வைத்துத் தேய்த்தே உருவாக்குவார்கள். எருமையின் காது மடிப்பு, கால் இடுக்கு ஆகியவற்றைப் பாருங்கள். நல்ல பழைய வேலையில் உள்மூலையும் வழவழப்பாக இருக்கும். அவசர வேலையில் வெளியே பளபளப்பு, இடுக்கில் சொரசொரப்பு.

விலையைக் கல்லின் நிறம், வேலைப்பாடு, விரிசல் எல்லாம் தீர்மானிக்கும். தாத்தா வாங்கிய ரசீதோ பழைய புகைப்படமோ கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள், அதற்கே தனி மதிப்பு உண்டு. பிறகு சீனக் கலைப் பிரிவு உள்ள ஏல நிறுவனத்துக்குப் படங்கள் அனுப்புங்கள். அதுவரை எண்ணெய் பூசவோ பாலிஷ் போடவோ வேண்டாம்.