நாற்றமா, தண்ணீரா? பிரிட்டன் சுகாதாரச் சீர்திருத்தம்: வாசகர் கேள்விகள்

1842-இல் மான்செஸ்டர் தொழிலாளியின் சராசரி ஆயுள் 17 என்று படித்தேன். எல்லாருமே அந்த வயதில் இறந்துவிட்டார்களா? (ஆசிரியர், கும்பகோணம்)

இல்லை. பிரிட்டனின் சுகாதாரச் சீர்திருத்தக்காரர் எட்வின் சாட்விக் தன் 1842 அறிக்கையில் தந்தது இறந்தவர்களின் சராசரி வயது. வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்: 1, 1, 2, 3, 60 வயதுகளில் ஐந்து பேர் இறக்கிறார்கள். கூட்டினால் 67, சராசரி 13.4. ஆனால் பதிமூன்று வயதில் யாருமே சாகவில்லை. சராசரியைக் கீழே இழுத்தவை குழந்தைச் சாவுகள். ரட்லண்ட் என்ற விவசாய மாவட்டத்துத் தொழிலாளிக்கும் மான்செஸ்டரின் வசதி படைத்தவருக்கும் அவர் தந்த எண் ஒன்றே: 38. ஆலை நகரத்தில் வாழ்வதற்குப் பணக்காரரும் விலை கொடுத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நாற்றம்தான் நோய் தருகிறது என்று நம்பியவர் சாட்விக். தப்பான கொள்கை எப்படி நல்லது செய்தது? (திருவாரூர்)

பாதி நல்லது, பாதி கேடு. நாற்றத்தை விரட்ட மலத்தை வீட்டைவிட்டு அகற்றச் சொன்னார், அது சரி. ஆனால் 1848–49 காலராவின்போது லண்டன் சாக்கடைகளை அலசித் தேம்ஸில் விட்டார்கள். அதே ஆற்றிலிருந்துதான் தண்ணீர்க் கம்பெனிகள் குடிநீர் எடுத்தன. அந்தக் கொள்ளைநோயில் லண்டனில் மட்டும் சுமார் 14,000 பேர் மாண்டார்கள்.

கொள்கைப் பிழையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது 1848 பொதுச் சுகாதாரச் சட்டத்தின் ஓட்டை. ஆயிரத்துக்கு 23-க்கு மேல் சாவு இருந்தால்தான் சுகாதார வாரியத்தைத் திணிக்கலாம். இல்லையென்றால் வரி கட்டுவோரில் பத்தில் ஒருவராவது மனுக் கொடுக்க வேண்டும். வரி ஏறுமே என்று பல ஊர்கள் இழுத்தடித்தன. 1872, 1875 சட்டங்களுக்குப் பிறகே மருத்துவ அலுவலரும் வடிகாலும் உள்ளாட்சியின் கடமையாயின.

ஜான் ஸ்னோ பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்ததும் காலரா நின்றதா? (மயிலாடுதுறை)

காலரா நாற்றத்தால் அல்ல, தண்ணீரால் பரவுகிறது என்று சொன்ன லண்டன் மருத்துவர் ஸ்னோ. பிராட் தெருக் குடிநீர் பம்பின் கைப்பிடியைக் கழற்றியது 1854 செப்டம்பர் 8. அதற்குள் பலர் அந்தப் பகுதியைக் காலி செய்துவிட்டார்கள். சாவும் இறங்கத் தொடங்கியிருந்தது. பிறகு தோண்டிப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது: அந்தத் தெருவின் 40-ஆம் எண் வீட்டு மலக்குழி பம்பின் கிணற்றிலிருந்து மூன்றடிக்குள் இருந்தது, குழியின் செங்கல் கட்டு உளுத்துப்போயிருந்தது. நோயுற்ற குழந்தையின் துணி அலசிய நீர் அதில்தான் கொட்டப்பட்டது.

ஸ்னோவின் வலுவான ஆதாரம் தென் லண்டன். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு கம்பெனிகள் தண்ணீர் கொடுத்தன. லாம்பெத் கம்பெனி 1852-இல் ஆற்றில் மேலே, சாக்கடை கலக்காத இடத்துக்கு மாறியிருந்தது, சவுத்வார்க்–வாக்ஸால் மாறவில்லை. பத்தாயிரம் வீட்டுக்குச் சாவு: லாம்பெத்தில் 37, சவுத்வார்க்–வாக்ஸாலில் 315.

எங்கள் கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் 20 அடிதான். மழைக்காலத்தில் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடலாம்? (பாபநாசம்)

முதலில் டேங்கின் அடியைப் பாருங்கள். நம் பக்கத்தில் உறை இறக்கி, அடியைத் திறந்தே விட்ட குழிக்கும் செப்டிக் டேங்க் என்றுதான் பேர். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். குழியின் அடி தண்ணீருக்குள் நிற்கும். மண் வடிகட்ட இடமே இருக்காது. அடியும் சுவரும் கசியாமல் பூசியிருக்க வேண்டும். வெளியேறும் நீரை உறிஞ்சுகுழியில் விட்டால், அது கிணற்றிலிருந்து 50 அடிக்காவது அப்பால் இருக்கட்டும்.

அளவு: விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் (மீட்டரில்) × 785 = லிட்டர். விட்டம் 2 மீட்டர், நீர் 3 மீட்டர் என்றால் 9,420 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் சுமார் 24 கிராம் நல்ல பவுடர். வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்குங்கள். பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, நீர்மட்டத்துக்குக் கீழே மேலும் கீழும் ஆட்டுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைப் போட்டால் தண்ணீர் கடினமாகிவிடும். ஒரு மணி நேரம் யாரும் இறைக்க வேண்டாம். பிறகு குளோரின் சோதனைப் பெட்டியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கிணறு அழுக்கு அதிகம் என்று பொருள், மறுபடி போடுங்கள்.

பலருக்குப் பலிக்காமல் போவது பழைய பவுடரால். புதிதில் குளோரின் 33 சதவீதம் இருக்கும். பிரித்த மூட்டை காற்றும் ஈரமும் பட்டால் வீரியம் போய்விடும். குழி கசிந்துகொண்டே இருந்தால் எந்த அளவும் நிலைக்காது. அதுவரை குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

பொறியாளர் பேசல்கெட் லண்டனில் பாதாளச் சாக்கடை கட்டிய பிறகும் 1866-இல் காலரா வந்தது ஏன்? (தஞ்சாவூர்)

கிழக்கு லண்டன் பகுதி அப்போது அந்தச் சாக்கடையுடன் இன்னும் இணைக்கப்படவில்லை. அங்கே தண்ணீர் கொடுத்த கம்பெனி, சட்டத்தை மீறித் திறந்த குளத்து நீரை வடிகட்டாமலே குழாயில் விட்டிருந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பெரும்பாலும் அந்தக் குழாய் போன தெருக்களில். அந்தப் பகுதியும் இணைந்த பிறகு லண்டனில் காலரா கொள்ளைநோயாகத் திரும்பவில்லை.