ஊருக்குப் போகிறோம், நாயை எங்கே விடுவது?

பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே என் கிளினிக்கில் கூட்டம் கூடிவிடும். நாய்களுக்கு உடம்பு சரியில்லை என்று அல்ல, ஊருக்குப் போகிறவர்களின் நாய்களைத் தங்கவைக்கும் போர்டிங்கில் தடுப்பூசி அட்டை கேட்கிறார்கள் என்று. ஊசி போடும் இரண்டு நிமிடத்தில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான், ஆளுக்கொரு விதமாக. இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்தவையும் அதே சங்கதி. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வயது லாப்ரடார், ஆண். பொங்கலுக்கு ஐந்து நாள் தேனிக்குப் போகிறோம். போர்டிங்கில் விடுவதா, பெட் சிட்டர் வைப்பதா? சிட்டர் செலவு குறைவாகத் தெரிகிறது.
— வாசகர், வேளச்சேரி

செலவு ஏன் குறைகிறது என்று முதலில் பாருங்கள். பெட் சிட்டர் என்ற பெயரில் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலேயே வந்து படுத்துக்கொள்பவர் ஒருவர். காலையும் மாலையும் வந்து சோறு வைத்து, நடக்கக் கூட்டிப்போய், கதவைப் பூட்டிவிட்டுப் போகிறவர் இன்னொருவர். உங்கள் நாயைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்பவர் மூன்றாமவர். உங்களுக்குக் குறைவாகச் சொன்னவர் அநேகமாக இரண்டாம் வகை. வேளைக்கு முக்கால் மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான். மிச்சம் 22 மணி நேரத்துக்கு மேல் நாய் பூட்டிய வீட்டில் தனியாக இருக்கும். ஐந்து நாள் அப்படி இருந்த லாப்ரடார் உங்கள் சோபாவை என்ன செய்து வைத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் நான் எல்லோரையும் கேட்கச் சொல்வது ஒன்றைத்தான்: ராத்திரி யார் இருப்பார்கள்? போர்டிங்கிலும் இதையே கேளுங்கள். பகலில் மூன்று பேர் ஓடியாடி வேலை பார்க்கும் இடத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு பையன் மட்டும் இருப்பான். சில இடங்களில் அவனும் இருக்க மாட்டான். பெரிய, நெஞ்சு அகன்ற நாய்களுக்கு வயிறு காற்றடைத்துத் திருகிக்கொள்வது உண்டு. வாந்தி எடுக்க முயலும், எதுவும் வராது, வயிறு மத்தளம்போல் இறுகும். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் நாய் பிழைக்காது. நடு ராத்திரியில் அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். "ஆள் எங்கே படுக்கிறார், காட்டுங்கள்" என்று கேட்டால் போதும், அந்த இடத்தைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

மற்றபடி, பிற நாய்களோடு ஒத்துப்போகும் இளவயது லாப்ரடாருக்கு நல்ல போர்டிங் தண்டனை அல்ல, ஒருவகை பிக்னிக்தான். போய்ப் பார்க்கும்போது தரை காய்ந்திருக்கிறதா, வெளிக்கதவுக்கும் கூண்டுக்கும் நடுவே இன்னொரு கதவு இருக்கிறதா, முன்பின் பழகாத நாய்களை ஒன்றாக அவிழ்த்துவிடுகிறார்களா என்று கவனியுங்கள். டிசம்பரிலேயே ஒரே ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். மறுநாள் காலையில் சாப்பிட்டிருந்தால் தைரியமாகத் தேனிக்குக் கிளம்பலாம்.

எங்கள் நாய் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. ஊசி போட்டு இரண்டு வருடம் ஆகிறது. சனிக்கிழமை போர்டிங்கில் விட வேண்டும். வெள்ளிக்கிழமை போட்டால் போதுமா?
— வாசகி, திருச்சி

அட்டையில் முத்திரை விழப் போதும். உடம்புக்குப் போதாது.

குட்டியில் எல்லா ஊசியையும் முறையாகப் போட்டு, மறு ஆண்டு பூஸ்டரும் போட்டிருந்தால் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு வைரஸ் நோய்களுக்கும் இருக்கும் எதிர்ப்பு இரண்டே வருடத்தில் காணாமல் போய்விடாது. தொல்லை லெப்டோவில்தான். எலி மூத்திரத்தில் பரவும் இந்த நோய்க்கான ஊசி சுமார் ஒரு வருடம்தான் காக்கும். இடையில் விட்டுப்போனால் சில வார இடைவெளியில் இரண்டு தடவை போட்டால்தான் மறுபடி பிடிக்கும். நாய்த் தீவன மூட்டை இருக்கும் இடத்தில் எலியும் இருக்கும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். தவிர, லெப்டோ மனிதர்களுக்கும் வரும்.

அடுத்தது கென்னல் இருமல். நிறைய நாய்கள் சேரும் இடத்தில் காற்றில் பரவுவதால் அந்தப் பெயர். நாம் வழக்கமாகப் போடும் கூட்டு ஊசியில் இதற்குக் காரணமான பாராஇன்ஃப்ளுயன்சா போன்ற வைரஸ்களுக்கு மட்டும் மருந்து இருக்கும். போர்டெடெல்லா என்ற பாக்டீரியாவுக்குத் தனி மருந்து, மூக்கில் சொட்டுவது. விடுவதற்கு ஒரு வாரம் முன்பாவது அதைப் போட்டிருக்க வேண்டும். இந்த இருமல் வந்த நாயைக் கொண்டுவருகிறவர்கள் "தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். சத்தம் அப்படியே இருக்கும்.

வெறிநாய்க்கடி ஊசி பற்றிப் பேச்சே இல்லை, அது வருடாவருடம் போட்டே ஆக வேண்டும். இந்தச் சனிக்கிழமைக்கு வீட்டில் வந்து தங்கும் ஆளைத் தேடுங்கள். அடுத்த பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே ஊசிக்கு வாருங்கள்.

மகளின் பிரசவத்துக்காக நானும் கணவரும் ஐந்து மாதம் அமெரிக்கா போகிறோம். எங்கள் பாமரேனியனுக்குப் பன்னிரண்டு வயது, சர்க்கரை நோய், தினமும் இரண்டு வேளை இன்சுலின். நல்ல போர்டிங் எது?
— வாசகி, கோயம்புத்தூர்

அம்மா, இந்த நாய்க்குப் போர்டிங் வேண்டாம். போர்டிங்காரர்கள் கெட்டவர்கள் என்பதற்காக அல்ல. இடம் மாறினால் கிழட்டு நாய் சரியாகச் சாப்பிடாது, சாப்பிடாத நாய்க்கு வழக்கமான அளவு இன்சுலின் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். தள்ளாடும், நடுங்கும், வலிப்புகூட வரலாம். அந்த நேரத்தில் ஈறில் தேன் தடவிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும் என்று தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். முப்பது நாய்களுக்கு நடுவே ஒரு தட்டு மிச்சம் கிடப்பதை யார் கவனிப்பார்கள்?

உங்களுக்கு வேண்டியது ஒரு நபர், இடமல்ல. ஊசி போடத் தெரிந்த உறவினர், ஓய்வுபெற்ற நர்ஸ், வீட்டிலேயே தங்கும் சிட்டர், யாராக இருந்தாலும் சரி. நீங்கள் கிளம்பும் முன் ஒரு வாரம் உங்கள் கண் முன்னால் அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். சிரிஞ்சு விஷயத்தில் கறாராக இருங்கள். நம் மருந்துக் கடைகளில் 40 யூனிட் சிரிஞ்சும் உண்டு, 100 யூனிட் சிரிஞ்சும் உண்டு. 100-க்கான மருந்தை 40 சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். ஐந்து மாதத்துக்கான சிரிஞ்சை நீங்களே வாங்கி வைத்துவிடுங்கள். காலி அட்டையைக் காட்டிக் கடையில் கேட்கும் வேலையே வேண்டாம்.

டாக்டரிடம் ஒரு கடிதமும் கொடுத்துவைக்க வேண்டும். நாய்க்கு உடம்பு மோசமானால் எவ்வளவு வரை செலவு செய்யலாம், உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் யார் முடிவெடுப்பார் என்று அதில் இருக்கட்டும். அமெரிக்காவில் பகல் என்றால் இங்கே ராத்திரி. எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கும், இருந்தாலும் எழுதுங்கள்.

கேட்காததையும் சொல்கிறேன். இருவரும் ஒரே விமானத்தில் போய் ஒரே விமானத்தில் திரும்ப வேண்டுமா? நீங்கள் முதலில் போங்கள். பத்தியம், எண்ணெய்க் குளியலுக்கெல்லாம் நீங்கள்தானே வேண்டும். சார் கடைசி ஒன்றரை மாதம் வந்து பேரனையோ பேத்தியையோ பார்த்துவிட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு வரட்டும். ஐந்து மாதம் என்பது பன்னிரண்டு வயது நாய்க்குப் பெரிய காலம்.

எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை அப்பாவைத் தவிர யார் தொட்டாலும் உறுமும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். பத்து நாள் யாரிடம் விடுவது?
— வாசகர், விருதுநகர்

வீட்டிலேயே இருக்கட்டும், ஆள் வரட்டும். ஆபரேஷனுக்கு முன் நான்கைந்து நாள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அந்த ஆள் கையால் சோறு போக வேண்டும். தொட வேண்டாம், பேச வேண்டாம், தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும். வெளியே கூட்டிப்போனால் பெல்ட்டைக் கவனியுங்கள். இந்த இனத்துக்குத் தலை குறுகல், கழுத்து கனம், சாதாரணப் பட்டை வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள். அவிழ்ந்து ஓடிய சிப்பிப்பாறையை ஓடிப் பிடித்த மனிதனை நான் இன்னும் பார்க்கவில்லை.

பக் குட்டி, 70 நாள். ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் மட்டும் போர்டிங்கில் விடலாமா? இடம் ரொம்பச் சுத்தம், ஃபினாயில் வாசனை தூக்குகிறது.
— வாசகி, சேலம்

வேண்டாம். குட்டிக்கான ஊசி வரிசை 16 வாரத்தில்தான் முடியும். பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதற்கு ஃபினாயில் ஒன்றும் செய்யாது, ப்ளீச்சிங் கரைசல்தான் கொல்லும். குட்டியைக் கூடையில் வைத்துக் கல்யாணத்துக்கே தூக்கிக்கொண்டு போங்கள். மண்டபத்து ஜாங்கிரியை மட்டும் யாரும் ஊட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாள்தானே, வாட்ச்மேனிடம் சாவி கொடுத்து சோறு வைக்கச் சொன்னால் ஆகாதா?
— வாசகர், மதுரை

ஆகும், வாட்ச்மேனுக்கும் நாய்க்கும் ஏற்கெனவே சிநேகம் இருந்தால். இல்லாவிட்டால் முதல் நாள் அவர் கதவைத் திறக்கும்போது நாய் அவர் காலிடுக்கில் புகுந்து, உங்களைத் தேடித் தெருவுக்கு ஓடும். காணாமல் போன நாய் என்று எனக்கு வரும் போன்களில் இந்தக் கதையை அடிக்கடி கேட்கிறேன். கழுத்துப்பட்டையில் உங்கள் எண்ணோடு ஊரில் இருக்கும் ஒருவரின் எண்ணும் இருக்கட்டும்.

யார் பார்த்துக்கொண்டாலும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். எத்தனை கரண்டி சாதம், என்ன மருந்து, எந்த டாக்டர், இடி இடித்தால் எந்தக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளியும், எல்லாம் அதில் இருக்கட்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடாது என்பதையும் எழுதுங்கள். கேமரா வைத்திருந்தால் வருகிறவரிடம் சொல்லிவிடுவதுதான் மரியாதை. இன்னொன்று, கேமரா வழியாக நாயைக் கூப்பிட்டுப் பேசாதீர்கள். குரல் கேட்கும், ஆள் இருக்க மாட்டார். பாவம், வீடு முழுக்கத் தேடும்.

நான்கு நாள் போர்டிங்கில் இருந்து வந்த பீகிளுக்குக் கழிசல், சளி போல வருகிறது. குரலும் கம்மிவிட்டது. ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று சண்டை போடப் போகிறேன்.
— வாசகர், தாம்பரம்

கொஞ்சம் பொறுங்கள். குரல் கம்மியது குரைத்ததால், பீகிளுக்கு அது பிறவிக் குணம். புது இடத்துப் பதற்றத்தில் பெருங்குடல் அழற்சி வந்து சளியோடு கழிவது ரொம்பச் சாதாரணம். நன்றாகப் பார்த்துக்கொண்ட இடத்திலிருந்து வரும் நாய்க்கும் வரும். குழைந்த சாதமும் வேகவைத்த கோழியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் ஓரிரு நாளில் அடங்கும். அப்படி அடங்காவிட்டாலும், வாந்தி சேர்ந்தாலும், ரத்தம் அதிகம் போனாலும், நாய் துவண்டு படுத்தாலும் காத்திருக்க வேண்டாம்.

உண்மையில் கவனிக்க வேண்டியது இனிமேல் வரக்கூடியதை. இன்றே காதுக்குள், விரலிடுக்கில், கழுத்து மடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் கடித்த மறுநாள் வராது, ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து வரும். அதற்குள் போர்டிங்கையே மறந்திருப்பீர்கள். மூன்று வாரத்துக்குள் சோறு குறைந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, உடம்புச் சூடு 103 டிகிரியைத் தாண்டினாலோ ரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள். நாய்க்கு 102 வரை சாதாரணம், மனிதக் கணக்கைப் போடாதீர்கள். கென்னல் இருமலும் இரண்டு வாரம் வரை பதுங்கியிருந்து வரும்.

உடம்பில் உண்ணி கொத்தாக இருந்தால் மட்டும் சண்டைக்குப் போங்கள்.

தீபாவளி வெடிச் சத்தத்துக்கு நடுங்கும். ஊருக்கு வெளியே தோட்டத்தில் இருக்கும் போர்டிங்கில் விட்டு, தூக்க மாத்திரையும் கொடுத்துவிடலாமா?
— வாசகி, ஈரோடு

முதல் பாதி நல்ல யோசனை, அந்தத் தோட்டம் நாய்க்கு முன்பே பழகிய இடமாக இருந்தால். தீபாவளி அன்றே முதல் தடவை கொண்டுபோய் விட்டால் வெடிப் பயத்தோடு ஊர் பயமும் சேரும்.

மாத்திரையில் கவனம். நாம் போட்டுக்கொள்ளும் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். நாய்க்கென்றே நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கும் ஒரு மயக்க மருந்து உடம்பை அசையவிடாமல் செய்யும், பயத்தைக் குறைக்காது. அதாவது நாய் உள்ளுக்குள் நடுங்கும், ஓட முடியாது. பயத்தையே குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. ஐப்பசிக்கு முன்பே உங்கள் டாக்டரைப் பார்த்து, வெடியில்லாத ஒரு நாளில் கொடுத்துப் பாருங்கள்.

என் பெண் நாய்க்குக் கருத்தடை செய்யவில்லை. நாங்கள் கிளம்பும் வாரம் ஹீட் வரும் போலிருக்கிறது. போர்டிங்காரர் "தனிக் கூண்டு, கவலைப்படாதீர்கள்" என்கிறார்.
— வாசகர், நாகர்கோவில்

கவலைப்படுங்கள். ஹீட், அதாவது இணைசேரும் பருவம், ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும். தேதியை மாற்றுங்கள், அல்லது வீட்டுக்கு ஆள் வரட்டும், அவரும் மொட்டை மாடியில்தான் நடக்கவிட வேண்டும். கருத்தடை செய்வதாக இருந்தால் ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள். இதே "தனிக் கூண்டு" வாக்குறுதியை நம்பி விட்டுப்போன ஒரு குடும்பத்தின் ஸ்பிட்ஸ் என்னிடம் வந்தது, வயிறு உப்பியிருக்கிறது, குடற்புழுவாக இருக்கும் என்று. நாய்க்குக் கர்ப்பகாலம் 63 நாள். ஸ்கேனில் ஐந்து குட்டிகள் தெரிந்தன. பிறந்தபோது எல்லாவற்றுக்கும் டாபர்மேன் நிறம்.