வாசகர் கேள்வி பதில்: அடுத்தடுத்து அசத்தியது யார்?

கேள்வி: மகாமகக் குளக்கரையில் உட்கார்ந்தாலே எங்கள் செட்டுக்குள் சண்டைதான். ராக் குழுக்களில் சோடை போகாமல் தொடர்ந்து ஆல்பம் தந்தது பீட்டில்ஸா, ரோலிங் ஸ்டோன்ஸா? தீர்ப்புச் சொல்லுங்கள்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் அளவுகோலை ஒப்புக்கொள்ளுங்கள். ஸ்டுடியோ ஆல்பம் மட்டுமே கணக்கு. மேடைக் கச்சேரிப் பதிவும் தொகுப்பும் சேராது, தொடரை முறிக்கவும் செய்யாது. நடுவில் ஒன்று சுமாராக இருந்தால் தொடர் அங்கேயே முடிந்தது. குறுவை அமோகம் என்பதற்காகச் சம்பா சாவியானதை மறைக்க முடியாது அல்லவா?

பீட்டில்ஸை எடுப்போம். 1965 டிசம்பரில் 'ரப்பர் சோல்', 1966 ஆகஸ்டில் 'ரிவால்வர்', 1967 மே மாதக் கடைசியில் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்'. பதினெட்டே மாதத்தில் மூன்று. சிக்கல் இதற்குப் பிறகுதான். 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' அமெரிக்காவில் பதினொரு பாட்டுள்ள எல்.பி.யாக (முழுநீள இசைத்தட்டாக) வந்தது, பிரிட்டனில் ஆறே பாட்டுள்ள இரட்டை இ.பி. (குறுந்தட்டு). அதை ஆல்பமாகச் சேர்க்கிறவர்கள் அமெரிக்கக் கணக்குக்குப் போகிறார்கள். அப்படியானால் 'ரிவால்வரை'யும் அமெரிக்கப் பதிப்பிலேயே கேட்க வேண்டும். பிரிட்டிஷ் பதிப்பில் பதினான்கு பாட்டு. அமெரிக்கப் பதிப்பில் குழுவின் ஜான் லெனன் பாடிய மூன்றை உருவிவிட்டுப் பதினொன்றுதான். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைக்கக் கூடாது.

பிரிட்டிஷ் கணக்கில் நான்காவது, 1968 நவம்பரில் வந்த வெள்ளை அட்டை இரட்டை ஆல்பம். முப்பது ட்ராக், அதில் எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒலிக்கோவை ஒன்று. அதைப் பொறுத்துக்கொண்டாலும், 1969 ஜனவரியில் வந்த 'யெல்லோ சப்மரீன்' காலை வாருகிறது. புதுப்பாட்டு நான்கே, இரண்டாம் பக்கம் முழுக்க தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் வாத்தியக் குழு இசை. தொடர் அங்கே அறுந்தது. 'அபே ரோடு' அதற்கு அப்புறம் வந்த தனி அதிசயம்.

ஸ்டோன்ஸ்: 'பெக்கர்ஸ் பேங்க்வெட்' 1968 டிசம்பர், 'லெட் இட் ப்ளீட்' 1969 டிசம்பர், 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' 1971 ஏப்ரல், 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' 1972 மே. இடையில் 1970இல் வந்தது மேடைப் பதிவு, கணக்கில் இல்லை. நான்குக்கும் தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். 'எக்ஸைலில்' குரல் அமுங்கியிருப்பதாகப் பலர் குறைபடுவார்கள். அதன் பெரும்பகுதிக்கு அடித்தளம் போட்டது தென் பிரான்ஸில் ஒரு மாளிகையின் நிலவறையில். புழுக்கத்தில் கிடார் சுருதி நிற்கவில்லை. மார்கழிப் பனியில் தம்பூராவோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இது புரியும்.

தீர்ப்பு: மூன்று என்றால் பீட்டில்ஸ். நான்கு என்றால், வெள்ளை ஆல்பத்தில் இருக்கும் பதரை எண்ணி, ஸ்டோன்ஸ்.

கேள்வி: பிங்க் ஃபிளாய்டின் தொடர் 'மெடில்' ஆல்பத்திலிருந்தே தொடங்குகிறது என்கிறார் நண்பர். சரியா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: 1971இன் 'மெடிலு'க்கும் 1973 மார்ச்சில் வந்த 'டார்க் சைடு ஆஃப் தி மூனு'க்கும் நடுவே 1972இல் 'அப்ஸ்கியூர்ட் பை க்ளவுட்ஸ்' இருக்கிறது. ஒரு பிரெஞ்சுப் படத்துக்குப் போட்ட இசை. ஆனாலும் ஸ்டுடியோ ஆல்பம்தான், தாண்டிப் போக முடியாது. கேட்க இதமானது, கனம் குறைவு. ஆகவே 1973, 1975, 1977, 1979 என நான்கு.

கேள்வி: போனில் 'டார்க் சைடு' கேட்டால் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் விக்கல் மாதிரி வெட்டுகிறது. ஏன்?
– கல்லூரி மாணவி, திருவாரூர்

பதில்: நீங்கள் வைத்திருப்பது எம்.பி.3 என்றால் காரணம் அதிலேயே இருக்கிறது. அது ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக நறுக்கும். கடைசித் துண்டு நிரம்பாவிட்டால் மௌனத்தை இட்டு நிரப்பும்; தொடக்கத்திலும் கொஞ்சம் சேர்க்கும். பாட்டோடு பாட்டு ஒட்டிய ஆல்பத்தில் அந்தத் துளி மௌனம்தான் விக்கல். ஃபிளாக் (ஒலி இழப்பில்லாத கோப்பு) வடிவில் வாங்குங்கள், அல்லது இடைவெளியின்றி ஓட்டும் வசதியுள்ள பிளேயருக்கு மாறுங்கள். செயலியில் கேட்பதானால், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் 'கிராஸ்ஃபேட்' பூஜ்யத்தில் இருக்கட்டும், 'ஷஃபிள்' வேண்டாம். இரண்டு ஆல்பங்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்கிக்கொள்ளுங்கள்; உரக்கக் கேட்பதுதான் நன்றாக இருப்பதாகக் காது ஏமாற்றும். கூடுதல் பாட்டுகள் சேர்த்த டீலக்ஸ் பதிப்பில் மூல ஆல்பம் முடியும் இடத்தோடு நிறுத்துங்கள்.

கேள்வி: பிளாக் சாபத் குழுவின் முதல் ஆறு ஆல்பங்களை ஏன் யாரும் பேசுவதில்லை? 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யின் அந்தக் கனத்த கிடார் ஒலி என் கிடாரில் வரவில்லையே?
– வாசகர், மன்னார்குடி

பதில்: 1970 முதல் 1975 வரை ஆறு, பேச வேண்டியதுதான். அந்தக் குழுவின் கிடார் கலைஞர் டோனி ஐயோமி இடக்கைக்காரர். தகட்டுத் தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. கம்பியை அழுத்தும் கை அது. பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். அழுத்தச் சுலபமாக இருக்கக் கம்பியைத் தளர்த்தினார்; 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் பல பாட்டுக்கு ஒன்றரைச் சுரம் கீழே.

நீங்களும் ஆறு கம்பிகளையும் மும்மூன்று அரைச்சுரம் இறக்குங்கள். ஒன்றை இறக்கினால் கழுத்தின் இழுவிசை குறைந்து மற்றவை சற்று ஏறும். அதனால் இரண்டு மூன்று சுற்று வர வேண்டும். குறித்த சுருதிக்கும் கீழே போய், அங்கிருந்து ஏற்றி நிறுத்தினால்தான் நழுவாது. மெல்லிய கம்பி தளர்ந்தால் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பியில்) கிறீச்சிடும், ஓங்கி மீட்டினால் சுருதி ஏறும். பத்தாம் நம்பர் கம்பி செட்டுக்குப் பதில் சற்றுத் தடித்த பதினொன்று போடுங்கள்.

கேள்வி: ராக் இசைக்குப் புதியவள். எந்தத் தொடரில் ஆரம்பிக்கலாம்?
– வாசகி, திருவையாறு

பதில்: க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் குழுவில். 1969இல் மட்டும் மூன்று ஆல்பம், 1970 ஜூலையில் 'காஸ்மோஸ் ஃபேக்டரி'. பெரும்பாலும் சின்னப் பாட்டுகள். தஞ்சாவூரில் பஸ் ஏறினால் நாகப்பட்டினம் இறங்குவதற்குள் மூன்றை முடித்துவிடலாம். 1969இன் மூன்றில் முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே இருக்கும் 'பேயு', மிசிசிப்பி டெல்டாப் பக்கத்து மந்தமான சதுப்பு வாய்க்கால், பாடியவர்களோ கலிபோர்னியாக்காரர்கள்! அந்த 'பேயு கன்ட்ரி'யில் ஏழெட்டு நிமிடப் பாட்டு இரண்டு உண்டு, புதியவர்களுக்கு இழுக்கும். ஆகவே 'க்ரீன் ரிவர்', 'வில்லி அண்ட் தி பூர் பாய்ஸ்', 'காஸ்மோஸ் ஃபேக்டரி' கேட்டுவிட்டு அதற்குத் திரும்புங்கள். 1972இன் 'மார்டி கிரா'வைக் கடைசிக்கு வையுங்கள். கேட்காமலே விட்டாலும் பாதகமில்லை.