எக்செல் வாங்காமல் எக்செல் ஃபைல்களைத் திறந்து வேலை பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) மில்லின் கணக்கை சேலத்தில் இருந்தபடி நான்தான் பார்க்கிறேன், முழுக்க லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருளில். விண்டோஸ், லினக்ஸ், மேக் எதில் போட்டாலும் இலவசம். அதில் எக்செல் வேலையைச் செய்யும் கால்க், பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலையும் 2007-ல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸையும் திறந்துவிடும்.

"ஓப்பன் ஆபீஸே போதுமே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2010-ல் அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் லிப்ரே ஆபீஸ். ஆனால் ஓப்பன் ஆபீஸ் எக்ஸ்எல்எஸ்எக்ஸைத் திறக்குமே தவிர, அதே வடிவத்தில் சேமிக்காது. ஆடிட்டருக்குத் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு அது சரிப்படாது.

எக்செல் ஃபைலைத் திறப்பது டபுள் கிளிக் வேலைதான். கவனம் வேண்டியது சிஎஸ்வி ஃபைலில், அதாவது பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்து வைத்திருக்கும் வெறும் எழுத்து ஃபைலில். வங்கி இணையதளமோ பழைய கணக்கு மென்பொருளோ, எதிலிருந்து எடுத்தாலும் பெரும்பாலும் சிஎஸ்வி-யாகத்தான் கைக்கு வரும். மரவள்ளி லோடு பட்டியலையே எடுத்துக்கொள்வோம். தேதி, விவசாயி பெயர், எடை, பாயிண்ட், ரேட், வங்கிக் கணக்கு எண் என்று ஓடும். பாயிண்ட் என்றால் கிழங்கில் இருக்கும் மாவுச்சத்தின் அளவு. அதை வைத்துத்தான் இங்கே விலையே பேசுவார்கள். இந்த ஃபைலைக் கால்க்கில் திறந்ததும் ஒரு பெட்டி வரும். பலரும் அதைப் படிக்காமலேயே ஓகே அடித்துவிடுகிறார்கள்.

அந்தப் பெட்டியில் கேரக்டர் செட் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துக்கான குறியீட்டு முறை) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேறு ஏதாவது இருந்தால் தமிழ்ப் பெயர்கள் கன்னாபின்னாவென்று தெரியும். அடுத்து, கீழே தெரியும் மாதிரியில் கணக்கு எண் பத்தியின் தலையைக் கிளிக் செய்து, ஸ்டாண்டர்ட் என்பதை டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். எண்ணாகவே விட்டால் முன்னால் உள்ள பூஜ்யம் பறந்துவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் கடைசி இலக்கங்களை நம்ப முடியாது. விவசாயிக்குப் போக வேண்டிய பணம் அல்லவா! தேதிப் பத்திக்கு டிஎம்ஒய் (நாள், மாதம், வருடம் என்ற வரிசை) கொடுங்கள். இல்லாவிட்டால் மார்ச் 5 சத்தமில்லாமல் மே 3 ஆகிவிடலாம். மார்ச் 25 போன்ற தேதிகள் தப்பிவிடும் என்பதால் இந்தக் கோளாறு உடனே கண்ணில் படாது.

சிஎஸ்வி அல்லாத பழைய ஃபைலிலும் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால், பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். எக்செல் வாங்கினாலும் அது மாறாது. அந்த எழுத்துருவைப் போடுங்கள், அல்லது ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

சேமிக்கும்போது எக்செல் வடிவமா, லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவமான ஓடிஎஃப்-ஆ என்று கேட்கும். வெளியே அனுப்புவதானால் எக்ஸ்எல்எஸ்எக்ஸ். பழைய எக்ஸ்எல்எஸ் வேண்டாம், 65,536 வரிசைக்கு மேல் அதில் இடமில்லை.

கூகுள் ஷீட்ஸ்? நாலு பேர் ஒரே ஷீட்டில் எழுத வேண்டுமென்றால் அதுதான் வசதி. ஏற்காட்டில் எஸ்டேட் கணக்கு பார்க்கும் நண்பர் காப்பி, மிளகு எல்லாவற்றையும் அதில்தான் போடுகிறார். மலையில் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் ஆஃப்லைன் வசதியை முன்னாடியே போட்டு வைத்திருக்கிறார்.

பட்டியலில் தேடி எடுக்கும் விஎல்லுக்அப், தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் எல்லாம் கால்க்கில் உண்டு. விஎல்லுக்அப்பின் புதிய வடிவமான எக்ஸ்லுக்அப் வேண்டுமானால் லிப்ரே ஆபீஸ் 24.8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் போடுங்கள். மேக்ரோ (ஃபைலுக்குள்ளேயே எழுதி வைத்த சின்ன நிரல்) விஷயத்தில் மட்டும் அரைகுறைதான். வருமான வரித் துறையின் எக்செல் யுடிலிட்டி மாதிரி மேக்ரோவிலேயே ஓடுகிறவற்றோடு மல்லுக்கட்டாதீர்கள். அவற்றை எக்செல் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.