பந்தயத் தளத்தில் ஓட்டிப் பழக எந்தக் கார் வாங்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்: வாகனம்

கேள்வி: எனக்கு வயது 29. சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில், சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பழக விடும் டிராக் டே அன்று நண்பரின் காரில் சில சுற்றுகள் உடன் சென்று வந்ததிலிருந்து, நானும் ஓட்டிப் பழக வேண்டும் என்ற ஆசை விடவில்லை. எளிமையான, மேனுவல் கியர் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க விரும்புகிறேன். மாஸ்டா எம்எக்ஸ்-5 பற்றி நிறையப் படித்திருக்கிறேன். கையில் 8 லட்சம் ரூபாய் இருக்கிறது. எந்தக் கார் பொருத்தமாக இருக்கும்?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: உங்கள் ரசனையில் குறையே இல்லை. 1989-ல் அறிமுகமான அந்த இரண்டு இருக்கைக் கார், ஏறத்தாழ ஆயிரம் கிலோ எடை, முன்புறம் சிறிய நான்கு சிலிண்டர் என்ஜின், பின்சக்கர இயக்கம், கைக்கு அடக்கமான கியர் என்ற அமைப்பை நான்கு தலைமுறைகளாக விடாமல் காத்து வருகிறது. உலகெங்கும் பழகுநர்கள் அதை நாடுவதற்குக் காரணம் வேகம் அன்று; ஓட்டுபவர் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் அது உடனே, தெளிவாகப் பதில் சொல்கிறது என்பதே. ஆனால் மாஸ்டா இந்தியாவில் கார் விற்பதில்லை. தனியாக இறக்குமதி செய்தால் சுங்க வரியும் பிற வரிகளும் சேர்ந்து விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அப்படியே கொண்டுவந்தாலும், ஒரு ஜோடி பிரேக் பேட் தேய்ந்ததும் அடுத்த ஜோடி கடல் கடந்து வரும்வரை காரை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். டொயோட்டா ஜிஆர்86 காருக்கும் இங்கே இதே நிலைதான். ஆகவே அந்தக் காரை மறந்துவிட்டு, அதன் இலக்கணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. எடை குறைவாக இருக்க வேண்டும். பொறியமைப்பு எளிமையாக இருக்க வேண்டும். தேயும் பொருள் எதுவானாலும், சென்னையின் உதிரிப்பாகச் சந்தையான ஜி.பி. ரோட்டில் காலையில் கேட்டால் மாலையில் கைக்கு வர வேண்டும்.

எடையை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓடும் காரின் ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றித்தான் அதை நிறுத்துகிறது. 900 கிலோ கார் மணிக்கு 120 கிலோமீட்டரில் வந்து பிரேக் பிடிப்பதற்கும் 140 கிலோமீட்டரில் வந்து பிடிப்பதற்கும் இடையே ஆற்றல் 36 விழுக்காடு கூடுகிறது. அதே 120 கிலோமீட்டரில் 1,240 கிலோ எடையுள்ள கார் வந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு வெப்பம் கூடுதலாகப் பிறக்கும். வேகத்தைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. எடையைக் குறைக்க வழியில்லை. இருங்காட்டுக்கோட்டையிலுள்ள சென்னை பந்தயத் தளத்தின் முழு நீளம் 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12. நேர்ப்பாதையின் முடிவில் பிடித்த பிரேக் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். எனவேதான் ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் 1.5 போன்ற 150 குதிரைத்திறன் கொண்ட செடானை, அது மிக நல்ல கார் என்றபோதிலும், முதல் டிராக் டே காராக நான் பரிந்துரைப்பதில்லை. அது நேர்ப்பாதையில் கொடுக்கும் மகிழ்ச்சிக்கு ஈடாக டயரிலும் பிரேக்கிலும் நீங்கள் செலவழிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் தொகைக்குள் மூன்று கார்களைப் பாருங்கள். முதலாவது, 2018 முதல் 2024 வரை விற்பனையான மூன்றாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல். 900 கிலோவுக்குள் அடங்கும் இந்தக் காரின் 1.2 லிட்டர் என்ஜின், 2021-க்குப் பின் வந்த வண்டிகளில் 90 குதிரைத்திறன் தருகிறது. கூடுதல் காற்றை என்ஜினுக்குள் அழுத்தும் டர்போ இல்லாததால் வெப்பத் தொல்லை குறைவு. அம்பத்தூரிலோ தாம்பரத்திலோ எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டக்கூடிய என்ஜின் அது. இரண்டாவது, 2017 முதல் 2020 வரை விற்கப்பட்ட மாருதி பலேனோ ஆர்எஸ். சுமார் 950 கிலோ எடை, 1.0 லிட்டர் டர்போ என்ஜின், 102 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். விற்பனையான எண்ணிக்கை குறைவு என்பதால் நல்ல வண்டி கிடைக்கச் சற்றுப் பொறுமை வேண்டும், கிடைத்தால் விடாதீர்கள். மூன்றாவது, 2020 முதல் 2022 வரை வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ: 110 குதிரைத்திறன், ஆறு கியர். மூன்றிலும் ஸ்டீயரிங்கின் நேர்த்தியும் உடலின் உறுதியும் இதற்கே அதிகம். உதிரிப்பாகச் செலவும் இதற்கே அதிகம். ஹூண்டாய் ஐ20 என் லைன், டாடா அல்ட்ரோஸ் ரேசர் ஆகிய இரண்டும் 120 குதிரைத்திறனும் ஆறு கியரும் கொண்ட மேனுவல் கார்களே என்றாலும், அவை விற்பனைக்கு வந்த விலையே உங்கள் 8 லட்சத்தைத் தாண்டியது.

நான் ஸ்விஃப்ட்டைத்தான் தேர்ந்தெடுப்பேன். காரணம், அது உங்கள் கையில் பணத்தை மிச்சம் வைக்கும். காருக்கு 5 லட்சத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதியைப் பிரேக், டயர், தளத்தின் கட்டணம், பயிற்சி ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். எட்டு லட்சத்தையும் காரிலேயே போட்டுவிட்டு, தேய்ந்த டயரை மாற்ற மனமில்லாமல் வீட்டு வாசலில் காரை நிறுத்தி வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இந்தக் கலை சுற்றுகளின் எண்ணிக்கையால்தான் வசப்படும்.

வாங்கியதும் முதலில் செய்ய வேண்டியது பிரேக் ஆயிலை மாற்றுவது. இதை என்ஜின் டியூனிங்குக்கும் அலாய் வீலுக்கும் முன்பாகச் செய்யுங்கள். டாட் 3 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. டாட் 4 வகைக்கு இது 230 டிகிரி, டாட் 5.1 வகைக்கு 260 டிகிரி. ஆனால் இந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய டாட் 4 ஆயிலின் கொதிநிலைக்கு விதிக்கப்பட்ட கீழ் எல்லை 155 டிகிரிதான். சென்னை போன்ற கடலோர ஊரில் இரண்டு மூன்று ஆண்டுகளாக மாற்றாத ஆயிலோடு தளத்தில் இறங்கினால், நான்காவது ஐந்தாவது சுற்றில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகி, பிரேக் மிதி தரைவரை அமுங்கும், கார் நிற்காது. புதிய டாட் 4 ஆயில், அதிக வெப்பம் தாங்கும் முன்சக்கர பிரேக் பேட், நல்ல நிலையில் நான்கு டயர்கள், புதிய என்ஜின் ஆயில், கூலன்ட் ஆகியவை இருந்தால் முதல் ஆண்டுக்குப் போதும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கடைசிச் சுற்றைப் பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி வெப்பத்தை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சூட்டில் டயரின் காற்றழுத்தம் ஏறும் என்பதால் ஓடி வந்த உடனே அளந்து, கூடியதை இறக்குங்கள். வீடு திரும்புமுன், ஆறிய டயரில் காற்றை மீண்டும் சரியான அளவுக்கு நிரப்புவதை மறக்கக் கூடாது.

கேள்வி: முன்சக்கர இயக்கமுள்ள காரில் ஓட்டக் கற்றுக்கொள்வது வீண் என்றும், பின்சக்கர இயக்கம்தான் உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் என்றும் சொல்கிறார்களே?
– வாசகர், பெரம்பூர்

பதில்: பின்சக்கர இயக்கத்தின் மேன்மையை மறுக்கவில்லை. திரும்பும் வேலை முன்சக்கரங்களுக்கும் தள்ளும் வேலை பின்சக்கரங்களுக்கும் பிரிந்திருப்பதால், வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டராலும் காரின் போக்கைத் திருத்த முடிகிறது. ஆனால் இங்கே மேனுவல் கியரோடு புதிதாகக் கிடைக்கும் பின்சக்கர இயக்க ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பிஎம்டபிள்யூ எம்2 போன்றவைதாம். அவற்றின் விலையும் ஆற்றலும் பழகுநருக்கு உரியவை அல்ல. சோழவரம் விமான ஓடுதளத்தில் ஃபியட் கார்கள் பந்தயம் ஓடிய காலம் வேறு.

முன்சக்கர இயக்கமுள்ள கார் பொறுமையைக் கற்பிக்கிறது. வளைவின் நடுவில் அவசரப்பட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால், அது திரும்ப மறுத்து வெளிப்பக்கமாக விலகிச் செல்லும்; அந்தத் தவற்றுக்கான தண்டனை பெரும்பாலும் சில நொடி இழப்போடு முடிந்துவிடும். எங்கே பிரேக்கை விடுவது, எடையை எப்படி முன்சக்கரங்களின் மேல் கொண்டுவருவது, வளைவின் உள்விளிம்பை எந்த இடத்தில் தொடுவது என்பவை எந்தக் காருக்கும் பொதுவான பாடங்கள். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: வேகமான வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிடக் கூடாது. எடை முன்னால் சாய்ந்து, பின்சக்கரங்கள் பிடி தளர்ந்து, முன்சக்கர இயக்கமுள்ள காரும் சுழன்றுவிடும்.

கேள்வி: பழைய காரை இதற்காக வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?
– வாசகி, வேளச்சேரி

பதில்: உங்கள் பகுதியில் இருப்பவருக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. சுத்தம் செய்து விற்கப்பட்ட அத்தகைய வண்டி சாலையில் ஒழுங்காக ஓடினாலும், தளத்தின் அதிர்விலும் வெப்பத்திலும் அதன் மின் இணைப்புகள் எந்த நேரமும் கைவிடலாம். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்து, அடிப்பகுதியில் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கைகளின் அடியிலுள்ள தண்டவாளங்களில் துரு, தரைவிரிப்பின் கீழ் ஈரவாடை, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் ஆகியவற்றையும் தேடுங்கள்.

அடுத்து, விபத்துக்குப் பின் அடிச்சட்டம் நேராக்கப்பட்டதா என்பதை வீல் அலைன்மென்ட் கருவியில் ஏற்றிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். என்ஜினின் எல்லா சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே உருவாகும் அழுத்தத்தை அளந்து, ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு வேகமாக இறக்கும்போது கரகரப்பு கேட்டால், கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. விலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கீறல், நிறமங்கல், கிழிந்த இருக்கைத் துணி பற்றியெல்லாம் கவலை வேண்டாம். கதவு, பம்பர், கண்ணாடி போன்றவை பழைய உதிரிப்பாகச் சந்தையான புதுப்பேட்டையில் கிடைக்கும்; பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பாகங்களை மட்டும் அங்கே பழையதாக வாங்காதீர்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கார்கள் இப்போது வேகமாகவே கியர் மாற்றுகின்றன. மேனுவல் வேண்டும் என்று வற்புறுத்துவது பழமைப்பற்று அல்லவா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: சுற்று நேரம் ஒன்றே குறிக்கோள் என்றால் நல்ல இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் மேனுவலை வெல்லும். மேனுவலை நான் கேட்பது வேறு காரணங்களுக்காக. அதன் கிளட்ச் பிளேட்டை மாற்றுவது எளிய, மலிவான வேலை; இரட்டைக் கிளட்ச் பழுதானால் அந்தச் செலவில் ஓராண்டு தளத்தில் ஓட்டலாம். மேலும், வளைவுக்கு முன் எந்தக் கியரில் இருக்க வேண்டும் என்று ஓட்டுபவரே முடிவு செய்யும்போதுதான், வேகத்தையும் என்ஜின் சுழற்சியையும் காதால் கேட்டு அறியும் பழக்கம் வருகிறது. குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தட்டி, முன்பாதத்தால் பிரேக்கைப் பிடித்தபடியே கியர் இறக்கும் முறையைக் கற்க ஒரு பருவம் பிடிக்கலாம். கற்றபின் கார் குலுங்காமல் வளைவுக்குள் நுழையும்.

மேனுவலில் ஓர் அபாயமும் இருக்கிறது. மூன்றாவதிலிருந்து நான்காவதற்கு ஏற்றும் அவசரத்தில் கை இரண்டாவதில் விழுந்துவிட்டால், சக்கரங்களே என்ஜினை எல்லைக்கு மேல் சுழற்றும். என்ஜின் எல்லை மீறாமல் காக்கும் சுழற்சிக் கட்டுப்பாடு எரிபொருளை மட்டுமே நிறுத்தும். சக்கரத்திலிருந்து வரும் விசையை அதனால் நிறுத்த முடியாது. வால்வுகள் பிஸ்டனில் மோதி என்ஜின் பாழாகிவிடும். கியர் கம்பியை இறுகப் பிடித்து இழுக்காமல், திறந்த உள்ளங்கையால் தள்ளிப் பழகுவதே இதற்குக் காப்பு.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. டிராக் டேக்குப் போக வேண்டும் என்கிறான். காருக்கு முழு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்கிறான். நான் சம்மதிக்கலாமா?
– ஒரு தாய், மயிலாப்பூர்

பதில்: அம்மா, இன்ஷூரன்ஸ் பற்றி உங்கள் மகன் சொல்வது சரியன்று. நம் நாட்டின் வழக்கமான மோட்டார் பாலிசியில் ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகள் விலக்கப்பட்டிருக்கின்றன. தளத்தில் நேரும் சேதத்துக்குப் பணம் வரும் என்று எண்ணி இறங்கக் கூடாது. காரை முழுவதுமாக இழந்தாலும் குடும்பம் தாங்கும் என்ற விலையில்தான் கார் இருக்க வேண்டும். தவணை பாக்கியுள்ள குடும்பக் காரை அவர் எடுத்துச் செல்ல விடாதீர்கள். பாதுகாப்புக்காக என்று உள்ளே இரும்புக் கூண்டு பொருத்தும் யோசனை வந்தால், பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் சொல்லுங்கள். சாலையில் ஓட்டிச் சென்று சாலையிலேயே திரும்பும் காருக்கு அந்தக் கூண்டு ஏற்றதன்று.

ஆனால் சம்மதிக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எதிரே வாகனம் வராத, குறுக்கே ஆடு மாடு நுழையாத, கொடி காட்டும் மார்ஷல்களும் ஆம்புலன்ஸும் காத்திருக்கும் இடத்தில் வேகத்தைப் பழகுவது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் பழகுவதைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானது. முகம் மூடிய நல்ல ஹெல்மெட், முழுக்கைப் பருத்திச் சட்டை, மெல்லிய அடியுள்ள காலணி ஆகியவற்றை அவர் வாங்கட்டும். முதல் நாள் பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து கற்பிக்கும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே அனுப்புங்கள். வெயில் தணிந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், காலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். காருக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.