விற்கிற வீட்டில் குடியிருப்பது

வீடு விற்பது பற்றி வந்த கடிதங்களில் மூன்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் மாமனார் கட்டிய வீட்டில் இருக்கிறோம். மகள் அழகாபுரத்தில் இருப்பதால் அவள் பக்கத்திலேயே ஒரு ஃபிளாட்டுக்கு ஐந்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். ஐப்பசிக்குள் கிரயம் முடிக்க வேண்டும், இந்த வீடு விற்றால்தான் பணம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் யாராவது பார்க்க வருகிறார்கள், சமையல்கட்டு, குளியலறை, பீரோ வரை திறந்து பார்க்கிறார்கள், "பேசிட்டுச் சொல்றோம்" என்று போகிறார்கள், அப்புறம் போனையே எடுப்பதில்லை. கூடத்தில் கைத்தறி இருந்த தறிக்குழியை மூடிய இடத்தைக் காட்டி விலையைக் குறைக்கிறார்கள். பட்டா மாமனார் பேரிலேயே இருக்கிறது, அவர் இறந்து ஆறு வருடமாகிறது, கிரயத்தின்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். மாமியாரான அத்தைக்கு வீட்டை விட்டு வர இஷ்டமில்லை, ஆள் வந்தாலே அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். எனக்கும் வீட்டுக்காரருக்கும் தினமும் சண்டை. ராத்திரி தூக்கம் இல்லை.
- வாசகி, அம்மாபேட்டை

பதில்: சகோதரி, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், பட்டா மாமனார் பேரில் இருக்கிறது என்று. வந்தவர்கள் போனை எடுக்காததற்குத் தறிக்குழி காரணமாக இருக்காது, இந்த ஒரு வரிதான் காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. அம்மாபேட்டையில் வீடு தேடுகிறவர்களுக்குத் தறிக்குழி புதிதா என்ன, விலை குறைக்க அது ஒரு சாக்கு. ஆனால் வாங்குகிறவர் வங்கிக் கடனுக்குப் போனால், வங்கி வக்கீல் மூலப்பத்திரம், பல வருட வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் வாங்கிப் பார்ப்பார், விற்கிறவர் ஒருவர் பட்டாக்காரர் இன்னொருவர் என்றால் அங்கேயே நின்றுவிடும். இதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டுதான் பலர் "பேசிட்டுச் சொல்றோம்" என்று நழுவுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மாமனார் உயில் எழுதாமல் போயிருந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு. அதாவது, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாரே உங்கள் அத்தை, அவரும் இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர். அவர் கையெழுத்தில்லாமல் முழு வீட்டையும் விற்க முடியாது. அதற்காக மட்டும் அவரிடம் பேசுங்கள் என்று சொல்லவில்லை. தன் வீட்டை யாரோ வந்து திறந்து திறந்து பார்க்கும்போது, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற வருத்தம் எந்த அம்மாவுக்கும் இருக்கும். வீட்டுக்காரரை அனுப்பாதீர்கள், நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அழகாபுரத்துக்குக் கூட்டிப்போய் ஃபிளாட்டைக் காட்டி, எந்த அறை அவருக்கு, சாமி படம் எங்கே, லிஃப்ட் நின்றால் எப்படி ஏறுவது என்பதையெல்லாம் அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் வரவே மாட்டேன் என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது, ஐப்பசியில் தெரிந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நாத்தனார்கள் இருந்தால் அவர்களிடமும் இதே மாதம் பேசுங்கள். தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவில் வாரிசுகள் பேரை ஏற்றுங்கள். அப்புறம் எல்லோரும் சேர்ந்து கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம், அல்லது முன்னாலேயே அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். யாருக்கு எவ்வளவு என்பது வாயால் சொன்ன கணக்காக நிற்க வேண்டாம், வக்கீலிடம் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களில் பாதி இந்த இடத்தில்தான் உடைந்திருக்கிறது.

ஆடி வருகிறது. ஆடியில் யாரும் அட்வான்ஸ் கொடுக்க வரமாட்டார்கள், அதனால் அந்த மாதம் முழுக்க வீட்டைக் காட்டுவதை நிறுத்திவிடுங்கள். புரோக்கரிடம் "ஆவணியில் வாங்க" என்று சொல்லிவிட்டு, காகித வேலையைப் பாருங்கள், நடுவில் ஆடித் திருவிழாவுக்கு உங்கள் தெருப் பக்கமே வருகிற வண்டி வேடிக்கை ஊர்வலத்தை அத்தையோடு நின்று பாருங்கள். ஆவணி பிறந்ததும் சனி மாலை, ஞாயிறு காலை மட்டும் வீடு திறக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திர நகல் எல்லாம் ஒரு பைலில் தயாராக இருக்கட்டும், விலையும் கடனா கைப்பணமா என்பதும் போனிலேயே பேசி முடித்தவர்கள் மட்டும் வரட்டும். பீரோவைப் பூட்டி வையுங்கள்.

சண்டைக்குக் காரணம் ஐப்பசி என்கிற அந்தக் கெடு என்று நினைக்கிறேன். கெடு முடிகிற வாரத்தில் போய் நிற்காமல், இப்போதே ஃபிளாட்காரரிடம் போய் மூன்று மாதம் கூடுதலாகக் கேளுங்கள், தை வரை. சம்மதித்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். அதற்குக் கொஞ்சம் பணம் கூடுதலாகக் கேட்டாலும், சம்மதிக்காமல் அட்வான்ஸில் ஒரு பகுதி போனாலும்கூட, அவசரத்தில் பழைய வீட்டைப் பத்து லட்சம் குறைத்துத் தள்ளிவிடுவதைவிட அது சின்ன நஷ்டம். இந்தக் கணக்கை நீங்கள் இருவரும் ஒரே தாளில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் வீடும் கொஞ்சம் காப்பித் தோட்டமும் இருக்கிறது. முழங்கால் வலியால் சேலத்துக்கு இறங்கிவிட நினைக்கிறேன். விற்கப்போகிறேன் என்று தெரிந்ததிலிருந்து சனி ஞாயிறில் கார் காராக வருகிறார்கள், காப்பி குடிக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், போகிறார்கள். ரிசார்ட் கட்ட முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள்.
- வாசகர், ஏற்காடு

பதில்: ஐயா, வாரநாளில் வாருங்கள் என்று சொல்லிப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர் நிஜமாகவே வாங்க நினைப்பவர், மற்றவர்கள் ஏரியைப் பார்த்துவிட்டு வழியில் உங்கள் வீட்டையும் பார்க்கிறவர்கள். ரிசார்ட் விஷயத்தில் மட்டும் "கட்டலாம்" என்ற ஒரு சொல்லை வாயிலிருந்து விட்டுவிடாதீர்கள். மலைப்பகுதிக்குக் கட்டட விதிகள் தனி, அனுமதி கிடைப்பது வாங்குகிறவர் பாடு. நாளைக்குக் கிடைக்கவில்லை என்றால் நீங்கள் சொன்னதை நம்பித்தான் வாங்கினேன் என்று உங்கள் வாசலில் வந்து நிற்பார்.

தோட்டம் சேர்ந்த விற்பனையில் பழம் யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுத மறந்துவிடுகிறார்கள். கார்த்திகை மார்கழியில் காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில் அட்வான்ஸ் வாங்கினால், இந்த வருடக் காப்பியும் மரத்தில் ஏறியிருக்கிற மிளகும் யார் பறிப்பது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பறித்து முடித்தபின் விற்பது உங்களுக்கு நிம்மதி. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்கள் புரோக்கர் வாயால் தெரிந்துகொள்வது நியாயமில்லை.

கேள்வி: சூரமங்கலம் வீட்டுக்கு நல்ல விலை பேசியாகிவிட்டது. ஆனால் வாங்குகிறவர் அரசு நிர்ணயித்த கைடுலைன் மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டுக்கொண்டு மிச்சத்தைக் கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார். பயமாக இருக்கிறது.
- வாசகர், சூரமங்கலம்

பதில்: பயப்படுவது சரி, ஒத்துக்கொள்ளாதீர்கள். வீடு, நிலம் விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் ரொக்கம் வாங்கிய உங்கள் மேல்தான். அந்த ரொக்கத்தை வைத்து வேறு வீடு வாங்கப் போனால் அங்கேயும் அதை மறைக்க வேண்டிவரும்.

முழு விலைக்குப் பத்திரம் போட்டால் வரி அதிகம் வருமே என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள். இரண்டு வருடத்துக்கு மேல் உங்களிடம் இருந்த வீடு என்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய வீட்டுக்கு, பணவீக்கத்தைக் கழித்துவிட்டு 20 சதவீதம் என்ற பழைய கணக்கில் வரி குறைவாக வந்தால் அந்த அளவு கட்டினால் போதும். விற்ற தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் இன்னொரு வீடு வாங்கினால் லாபத்தில் அதற்குப் போட்ட பணத்துக்கு விலக்கும் கிடைக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிற கடைசித் தேதிக்குள் வாங்க முடியாவிட்டால், அந்தத் தேதிக்கு முன் அந்தப் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் ஆடிட்டரிடம் போங்கள், வாங்கிய பின் இல்லை. வாங்குகிறவர் முழு விலைக்குப் பத்திரம் போட மாட்டேன் என்றால் வேறு ஆள் பாருங்கள்.