களவா மீனுக்குள் வெள்ளைப் புழு: பயப்பட வேண்டியது எதற்கு?

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினத்தில் இரண்டு களவா மீன் வாங்கியிருக்கிறார்கள். ஒன்றை அன்றே குழம்பு வைத்து, நான்கு வயது மகன் உட்பட எல்லோரும் சாப்பிட்டாயிற்று. இன்னொன்றைக் குடல் எடுக்காமல் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் வெட்டினால், வயிற்றுக்குள் சுருண்ட வெள்ளைப் புழுக்கள். சதையில் அரிசி மாதிரி இரண்டு மூன்று. விற்றவரைக் கேட்டால், "புழு இருந்தால்தான் மருந்து போடாத மீன்" என்றாராம். பிள்ளைக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கலாமா, மீனைக் கொட்டிவிடலாமா என்று கேட்கிறார்.

முதலில் பிள்ளை விஷயம். கொதித்த குழம்பில் வெந்த மீனைத்தான் சாப்பிட்டிருக்கிறான், ஒன்றும் ஆகாது. சதையின் நடுப்பகுதி 60 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே இந்தப் புழுக்கள் செத்துவிடும். குழம்பு கொதிப்பது 100 டிகிரிக்குப் பக்கத்தில். பூச்சி மாத்திரை வேண்டாம். பள்ளியில் கொடுக்கிற அந்த மாத்திரை மண்ணிலிருந்து தொற்றும் குடற்புழுக்களுக்கானது.

நீங்கள் பார்த்தது இரண்டு வகையாக இருக்கலாம். கடிகாரச் சுருள் மாதிரி சுருண்டு, மெல்லிய சவ்வுக்குள் கிடப்பது உருளைப்புழுவின் குஞ்சு. அனிசாகிஸ் குடும்பம் என்பார்கள். இது வளர்ந்து பெரிதாவது திமிங்கிலம், ஓங்கில் (டால்பின்) போன்றவற்றின் வயிற்றில். மீன் இடையில் தங்கும் வீடு மட்டும்தான். சதையில் அரிசி போல இருப்பது பெரும்பாலும் சுறா, திருக்கை வயிற்றில் வளரும் நாடாப்புழுவின் குஞ்சு. பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் மனித உடம்பில் அது வளராது. அயிலையின் செவுளில் சில சமயம் கரப்பான் குஞ்சு மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சமைக்கலாம்.

இவை எல்லாமே மீன் உயிரோடு இருந்தபோதே கடலில் உள்ளே போனவை. ஈ முட்டையிட்டு வரும் புழு வேறு. அது செவுளிலும் வாயிலும் காயத்திலும் நெளியும். அதைக் கண்டால் யோசிக்கவே வேண்டாம், அந்த மீன் கெட்டது, குப்பைக்குத்தான் போக வேண்டும்.

இனி அந்த வியாபாரி சொன்னதற்கு வருகிறேன். இந்த வசனத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. புழு கடலில் வந்தது. ஃபார்மலின், அதாவது மீன் கெடாமலிருக்கப் போடும் அந்த மருந்து, கரையில் போடுவது. ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? மருந்தில் முக்கியெடுத்த மீனின் வயிற்றிலும் புழு அப்படியேதான் கிடக்கும். 2018-இல் கேரளத்தின் சோதனைச் சாவடிகளில் டன் கணக்கில் ஃபார்மலின் மீன் பிடிபட்டதே, அதெல்லாம் "இன்று வந்த மீன்" என்றுதான் விற்கப்பட இருந்தது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சில நிமிடங்களில் காட்டிக்கொடுக்கும் காகிதப் பட்டையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது. அது ஏன் இன்னும் ஒவ்வொரு மீன் சந்தையிலும் கிடைக்கவில்லை? செய்தி வந்தால் ஒரு வாரம் சோதனை, அப்புறம் ஆளைக் காணோம். ஏற்றுமதிக்குப் போகும் மீன் துண்டை விளக்கு மேசையில் வைத்து வெளிச்சத்தில் புழு பார்க்கிறார்கள். நம் பிள்ளைகள் சாப்பிடும் மீனுக்கு அந்த மேசை கிடையாது.

இன்னொரு பொய்யையும் கவனியுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த நாட்களில் நாட்டுப்படகு, ஃபைபர் படகு மீன் மட்டும்தான் இங்கே கரைக்கு வரும், அதுவும் கொஞ்சமாக. அப்போது பெரிய வஞ்சிரமும் களவாவும் மலைபோல் குவித்து "நம்ம ஊர் மீன்" என்று ஒரு தரகர் சொன்னால், எந்த ஊரிலிருந்து வந்தது, எத்தனை நாள் பெட்டியில் இருந்தது என்று கேளுங்கள். பதில் வராது. ஏலம் எடுத்தவர், லாரிக்காரர், மொத்த வியாபாரி, சில்லறை என்று நாலு கை மாறிய மீனுக்கு யார் பொறுப்பு என்று சட்டத்திலும் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் செய்த ஒரே தவறு குடலோடு வைத்தது. மீன் செத்தபின் வயிற்றிலுள்ள புழுக்களில் சில சதைக்குள் நகரும். அதனால் வாங்கிய இடத்திலேயே குடலை எடுத்து, வயிற்றுத் தோலைச் சுரண்டிக் கழுவச் சொல்லுங்கள். பத்து ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுங்கள். மஞ்சளும் கல்லுப்பும் தேய்ப்பது கவிச்சிக்கு நல்லது, ஆனால் புழுவைக் கொல்லாது.

எலுமிச்சையும் கொல்லாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த பச்சை மீன், சுஷி இதெல்லாம் இப்போது சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டன, வீடியோ பார்த்து வீட்டிலும் செய்கிறார்கள். சாற்றில் சதை வெளுத்துவிடும், வெந்த மாதிரி இருக்கும், புழு உயிரோடு இருக்கும். பச்சையாகச் சாப்பிடும் மீனை முதலில் உறைய வைக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி மைனஸ் 20 டிகிரியில் 7 நாள்; ஐரோப்பாவில் மீனின் நடுப்பகுதி வரை அதே குளிரில் 24 மணி நேரம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியை நம்பி இதைச் செய்யாதீர்கள், அந்தக் குளிர் அதில் வராது. பச்சை மீன் சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடுமையான வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் உடனே மருத்துவரிடம் போய், "பச்சை மீன் சாப்பிட்டேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அல்சர் என்று மாத்திரை எழுதிவிட வாய்ப்பு உண்டு. உள்நோக்கிக் குழாய் (எண்டோஸ்கோப்) விட்டு அந்தப் புழுவை எடுத்துவிட முடியும்.

சரி, புழுவைவிட நான் பயப்படுவது பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் கிடக்கும் சூரை, அயிலை, மத்திக்குத்தான். அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து, தடிப்பு வந்து, தலை வலிக்கும். புழு கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது.

உங்கள் மீதி மீனுக்கு வருவோம். மீன் ஐஸ் குளிரிலேயே இருந்து, சதை விறைப்பாக, செவுள் சிவப்பாக, நாற்றம் இல்லாமல் இருந்தால் கொட்ட வேண்டாம். வயிற்றுப்பக்கச் சதையை வெட்டி எறிந்துவிடுங்கள், புழு அதிகம் இருப்பது அங்கேதான். மீதியை மெல்லிய துண்டுகளாகப் போட்டு, கைபேசி விளக்கை அடியில் வைத்துப் பாருங்கள், தெரிகிற அரிசியைக் கத்தி முனையால் எடுத்துவிடுங்கள். தடித்த துண்டாக வறுக்காமல் இன்றைக்கே குழம்பில் போடுங்கள். வெட்டிய குடலையும் வயிற்றுச் சதையையும் தெருப் பூனைக்குப் பச்சையாகப் போடாமல் ஒரு பையில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.